குளிசை குடிக்கக் குடிக்கக் கட்டி பெருத்தால்...

பேசாலையில் ஒரு தாயைக் கற்பனை செய்து பார்ப்போம். மூன்று பிள்ளைகள். கணவர் கடலுக்குப் போகிறவர். அவருடைய கழுத்தின் வலப்பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தோன்றுகிறது. "நெறி கட்டியிருக்கு" என்று மஞ்சள் அரைத்துப் பூசிப் பார்க்கிறார். இரண்டு மாதமாகியும் வற்றவில்லை. பின்னேரங்களில் இலேசாகக் காய்ச்சல் காய்கிறது. சட்டை தளர்ந்து போகிறது. கடைசியில் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஊசியால் குத்தி எடுத்துப் பரிசோதித்ததில் காசநோய் என்று தெரிகிறது. ஆறு மாதச் சிகிச்சை தொடங்குகிறது.

முதல் மூன்று கிழமையும் எல்லாம் நன்றாகவே நடக்கிறது. காய்ச்சல் விடுகிறது. பசி எடுக்கிறது. கட்டியும் கொஞ்சம் வற்றியது போலத் தெரிகிறது. ஆறாவது கிழமை அது திடீரென்று தேசிக்காய் அளவுக்குப் பெருக்கிறது. பக்கத்தில் இன்னொன்றும் முளைக்கிறது. தோல் சிவந்து, தொட்டால் நோகிறது. விட்டிருந்த காய்ச்சல் திரும்பவும் வருகிறது.

"பிள்ளை, இந்தக் குளிசை உனக்கு ஒத்துக்கொள்ளேல்லை. இதை விட்டிட்டு ஆரும் பரியாரியிட்டக் காட்டுவம்" என்கிறார் மாமி.

"வேற ஏதும் பெரிய வருத்தமோ தெரியாது. கொழும்புக்குக் கொண்டு போவமோ?" என்கிறார் கணவர்.

அந்தத் தாய் எதுவும் பேசாமல் குளிசைப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார். ஒரு நாள் போகிறது. இரண்டு நாள் போகிறது. மூன்றாம் நாளும் பெட்டி திறக்கப்படவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மூன்று நாட்களைப் பற்றியது. ஏனென்றால் அந்தத் தாயின் குளிசை பெரும்பாலும் சரியாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது. கட்டி பெருத்ததே அதன் அடையாளமாகவும் இருக்கலாம். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பெட்டி பூட்டப்பட்டிருக்காது.

நுரையீரலில் மட்டும் வருவதல்ல

காசநோய் என்றதும் இருமல், சளி, இரத்தம் துப்புதல் ஆகியவையே எமக்கு நினைவுக்கு வருகின்றன. நுரையீரலில் வருவதே அதிகம் என்பது உண்மைதான். ஆனால் எமது நாட்டில் காசநோய் காணப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு அது நுரையீரலுக்கு வெளியே வருகிறது. கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்கள், நுரையீரலைச் சூழ்ந்த உறை, முள்ளந்தண்டு, குடல், கர்ப்பப்பைக் குழாய்கள், மூளையின் உறை என்று எங்கும் வரலாம். கழுத்தில் வருவதைத்தான் எங்கள் முன்னோர் கண்டமாலை என்றார்கள்.

உலகில் 2023ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 1 கோடியே 8 இலட்சம் பேர் காசநோய்க்கு ஆளானதாகவும் 12½ இலட்சம் பேர் உயிரிழந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இலங்கையில் ஆண்டொன்றுக்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் பேர் வரை இந்நோயுடன் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். எமது அயல்நாடுகளோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆயினும் ஒரு குடும்பத்துக்குள் வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அது முழு நோய்தான்.

நெருக்கமும் காற்றோட்டமின்மையும் போசாக்குக் குறைவும் இந்நோய்க்குத் துணை செய்பவை. மன்னார்த் தீவு மக்களுக்கு இவை புதியவை அல்ல. 1990இல் எருக்கலம்பிட்டி உட்படத் தீவின் முஸ்லிம் மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் அகதிகளாக வாழ நேர்ந்தது. அதே காலத்தில் பல தமிழ்க் குடும்பங்கள் தலைமன்னார், பேசாலைக் கரைகளிலிருந்து படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போயின. 2009 வரையான யுத்த காலத்தில் பெருநிலப்பரப்பின் மக்கள் ஊர் ஊராக ஓடினார்கள். தறப்பாளின் கீழ் பத்துப் பேர் படுத்த காலம் எம்மில் பலருக்கு நினைவிருக்கும். காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்து பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, உடல் தளரும்போது எழும்பக்கூடியது. அன்று புகுந்தது இன்று வெளிப்படலாம். ஆகவே, "எங்கட வீட்டில் ஒருத்தருக்கும் இல்லையே, எப்படி வந்தது?" என்று ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவதில் பயனில்லை.

செத்த கிருமியோடு ஒரு சண்டை

சரியான மருந்தை ஒழுங்காக எடுக்கும்போதே நோய் கூடுவது போலத் தோன்றுவதை வைத்தியர்கள் முரண் எதிர்விளைவு என்கிறார்கள். ஏன் இப்படி நடக்கிறது?

காசநோய்க் கிருமி தந்திரமானது. அது பெருகும் காலத்தில் எமது உடலின் காவற்படையை மந்தப்படுத்தி வைக்கிறது. நோயாளி மெலிந்து, சோர்ந்து போயிருப்பார். ஆனால் கட்டியில் பெரிய நோவோ சிவப்போ இருக்காது. சிகிச்சை தொடங்கியதும் கிருமிகள் பெருந்தொகையாகச் சாகின்றன. செத்த கிருமிகளின் உடற்கூறுகள் கட்டிக்குள் சிதறுகின்றன. அதேவேளை நோயாளியின் உடல் தேறுகிறது; காவற்படையும் விழித்துக்கொள்கிறது. விழித்த படை அந்தச் சிதறல்களைக் கண்டு பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் வீக்கமாகவும் நோவாகவும் காய்ச்சலாகவும் வெளியே தெரிகிறது.

நீண்ட நாள் அடைபட்டுக் கிடந்த கானைத் துப்புரவு செய்த அனுபவம் எம் எல்லோருக்கும் உண்டு. மண்வெட்டியைப் போட்டவுடன்தான் நாற்றம் கிளம்பும். அதுவரை நாற்றமே இல்லாதது போல இருந்திருக்கும். நாற்றம் வந்துவிட்டதே என்று மண்வெட்டியை வைத்துவிட்டுப் போனால் கான் அடைபட்டபடியேதான் கிடக்கும்.

இப்படிப் பெருத்த கட்டியிலிருந்து சீழை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சில வேளை கிருமிகள் தெரியும். ஆனால் அதே சீழை ஆய்வுகூடத்தில் வளர்க்க முயன்றால் பெரும்பாலும் எதுவும் வளராது. அங்கே இருப்பவை கிருமிகளின் பிணங்களே.

மருத்துவ உலகம் இதைக் கண்ட கதை

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் ஜேர்மனியின் றொபேட் கொக். 1882 மார்ச் 24ஆம் திகதி பேர்லினில் அவர் இதனை அறிவித்தார். அந்தத் திகதியே இன்று உலக காசநோய் தினமாக நினைவுகூரப்படுகிறது. 1890இல் அவர் இந்தக் கிருமியிலிருந்து எடுத்த ஒரு சாரத்தைக் காசநோய்க்கு மருந்து என்று அறிவித்தார். நோயாளிகள் பேர்லினுக்குத் திரண்டனர். ஆனால் அந்த ஊசியைப் போட்டவுடன் பலருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. நோயுள்ள இடங்கள் வீங்கிச் சிவந்தன. சிலர் இறந்தும் போனார்கள். அது மருந்தல்ல என்பது விரைவில் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. உயிருள்ள கிருமி வேண்டியதில்லை. அதன் உடற்கூறு மட்டுமே உடலைக் கொதித்தெழச் செய்யப் போதும். அந்தச் சாரத்தின் வழிவந்ததுதான் இன்றும் காசநோய்ப் பரிசோதனைக்காக முன்கையின் தோலில் போடப்படும் ஊசி.

பிற்காலத்தில் உண்மையான மருந்துகள் வந்தன. 1955இல் கிரேக்க நாட்டு வைத்தியர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சிகிச்சை பெறும் குழந்தைகள் சிலருக்கு இடையில் காய்ச்சலும் எக்ஸ்ரே படத்தில் நிழலும் கூடி, மருந்தைத் தொடர அவை தாமாகவே குறைந்தன என்பதே அது. பிரிட்டனின் லண்டன் நகரில், எச்.ஐ.வி. இல்லாத, நிணநீர்க் கணுக்களில் காசநோய் வந்தவர்களை ஆராய்ந்து 2005இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. அவர்களுள் நூற்றுக்கு இருபதுக்கும் சற்று அதிகமானோருக்குச் சிகிச்சையின்போது கட்டி பெருத்தோ புதிதாகத் தோன்றியோ இருந்தது. அதாவது இது எங்கோ ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் அதிசயம் அல்ல. கழுத்துக் கட்டிக்காரரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு வரக்கூடியது.

எமக்கு அண்மையிலுள்ள சென்னையின் காசநோய் ஆய்வு நிலையம் கழுத்துக் கட்டியுள்ள பிள்ளைகளுக்கு ஆறு மாதச் சிகிச்சை அளித்து, அதன் பலனை 1990இல் வெளியிட்டது. சிகிச்சை முடிந்த நாளில் பத்துப் பிள்ளைகளில் மூவருக்கு இன்னும் ஒரு சிறு கட்டி எஞ்சியிருந்தது. ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு மூவர் மாத்திரமே. ஆகவே கட்டியின் அளவை மட்டும் வைத்து நோய் மாறியதா இல்லையா என்று முடிவு கட்டக்கூடாது.

எங்கெல்லாம் வரும், எப்போது வரும்

பொதுவாகச் சிகிச்சை தொடங்கி இரண்டாம் கிழமைக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையில் இது அதிகம் தோன்றுகிறது. அதற்குப் பிந்தியும் வரலாம். சிலருக்குச் சிகிச்சை முடிந்த பின்பும் கட்டி சிறிது வீங்கி வற்றுவதுண்டு.

கழுத்தில் வருவது கண்ணுக்குத் தெரியும். நுரையீரல் உறையில் வந்தால் நீர் கோத்து, மூச்சு வாங்கும். மூளையில் வந்தால் தலையிடி, வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம் உண்டாகும். இது ஆபத்தானது. மூளை உறையில் காசநோய் உள்ளவர்களுக்கு இதனாலேயே காசநோய் மருந்துடன் சேர்த்து, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மருந்தையும் ஆரம்பத்திலிருந்தே கொடுக்கிறார்கள். வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மருந்து இறப்புகளைக் குறைக்கிறது என்று காட்டியது.

எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இந்த விளைவு அதிகம். எச்.ஐ.வி.க்கான மருந்து தொடங்கியதும் தளர்ந்து கிடந்த காவற்படை விரைவாக எழும்புவதே காரணம். காசநோயாளர் எல்லோரையும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுமாறு கேட்பதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று. அதைக் கேட்டதும் "எங்களை என்னவென்று நினைத்தார்கள்?" என்று கோபிக்கத் தேவையில்லை. எல்லோரிடமும் கேட்பதையே எம்மிடமும் கேட்கிறார்கள்.

பிள்ளை பெற்ற தாய்மாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் வயிற்றிலுள்ள சிசுவை ஏற்றுக்கொள்வதற்காகத் தாயின் காவற்படை சற்று அடங்கியிருக்கும். பிரசவத்தின் பின் அது பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது அதுவரை மறைந்திருந்த காசநோய் வெளிப்படலாம். பிரசவத்துக்குப் பின்னான முதல் ஆறு மாதங்களில் காசநோய் கண்டுபிடிக்கப்படுவது கூடுதல் என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. "பிள்ளைப்பெத்த உடம்பு, காய்ச்சல் வரத்தான் செய்யும்" என்று இரண்டு கிழமைக்கு மேற்பட்ட காய்ச்சலையும் இருமலையும் விட்டுவிடக் கூடாது.

எல்லா மோசமும் இதுவல்ல

இந்த இடத்தில் வாசகிகள் கவனமாக இருக்க வேண்டும். "கட்டி பெருத்தால் நல்லது" என்று மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. சிகிச்சையின்போது நோய் கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு.

குளிசைகளை ஒழுங்காக எடுக்காமல் இருக்கலாம். எடுத்தும் வாந்தியாலோ வயிற்றோட்டத்தாலோ உடலில் சேராமல் போகலாம். மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம். காசநோயோடு வேறொரு தொற்றும் சேர்ந்திருக்கலாம். புற்றுநோய் போன்ற வேறு நோயாகவும் இருக்கலாம். மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம். இவை ஒன்றும் இல்லை என்று பார்த்த பின்னரே வைத்தியர் இது முரண் எதிர்விளைவு என்ற முடிவுக்கு வருவார். வீட்டில் இருந்துகொண்டு நாமாக அந்த முடிவுக்கு வர முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. குளிசையை நிறுத்தாமல் தொடர வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போய்க் காட்ட வேண்டும். வைத்தியர் குளிசை எடுத்த கணக்கைப் பார்ப்பார். சளியையோ சீழையோ மீண்டும் பரிசோதனைக்கு அனுப்புவார். மருந்துக்கு அடங்காத கிருமியா என்பதைக் கண்டறியும் பரிசோதனைகள் இன்று விரைவாகவே முடிகின்றன. எக்ஸ்ரே எடுப்பார், சீனி வருத்தம் உள்ளதா என்றும் பார்ப்பார்.

முரண் எதிர்விளைவு என்று தெரிந்தால் பெரும்பாலானோருக்கு அதே காசநோய் மருந்தைத் தொடர்வதே சிகிச்சை. நோவுக்கும் வீக்கத்துக்கும் மருந்து தருவார்கள். சீழ் கோத்திருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். கடுமையாக இருந்தால் மட்டும் சில காலத்துக்கு ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பார்கள். அதை வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை மட்டுமே எடுக்க வேண்டும். கடையில் தானாக வாங்கிக் குடிப்பது ஆபத்து. கட்டியை வீட்டில் கீறிவிடுவதும், சுட்ட ஊசியால் குத்துவதும், பச்சிலை வைத்துக் கட்டுவதும் கூடாது. அப்படிச் செய்தால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் நீர் வடிந்துகொண்டிருக்கும். கழுத்தில் வடு நிரந்தரமாகிவிடும்.

மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்தால்

எங்கள் கரையோரப் பெண்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது எமது நாடு என்பது பெருமைக்குரியது.

1970களில் வெலிசறை மார்பு நோய் வைத்தியசாலையில் காசநோயாளர் சிலருக்கு மீன் சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகமும் கண்ணும் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்தது. சிலருக்கு உடம்பு கடித்தது, வாந்தியும் வந்தது. அங்கு பணியாற்றிய வைத்திய நிபுணர் சீ. ஜீ. உரகொட இதை ஆராய்ந்தார். காசநோய்க் குளிசைகளில் ஒன்றான ஐசோனியாசிட்டும் சூரை மீனும் சேர்ந்ததே காரணம் என்று கண்டார். சூரை இன மீன்களிலும் பழுதடையத் தொடங்கிய சில மீன்களிலும் ஹிஸ்டமின் என்னும் பொருள் கூடுதலாக இருக்கும். சாதாரணமாக எமது உடல் அதைச் சிதைத்துவிடும். ஐசோனியாசிட் அந்தச் சிதைவைத் தடுக்கிறது. சமைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. 1977இல் வெளியான இந்த ஆய்வு உலகெங்கும் வைத்தியர்களால் எடுத்தாளப்படுகிறது.

இது தெரியாத ஒருவர் என்ன நினைப்பார்? "குளிசை சூடு, உடம்பை எரிக்குது" என்று மருந்தை விட்டுவிடுவார். விட வேண்டியது மருந்தையல்ல, சூரையைத்தான். அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும். மாசியும் சூரையில் செய்யப்படுவதால் அதையும் இக்காலத்தில் தவிர்ப்பது நல்லது. மற்ற மீன்களைப் பிடித்த அன்றே சமைத்துச் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். காசநோயாளருக்கு மீனும் முட்டையும் பருப்பும் முருங்கையிலையும் மருந்துக்கு அடுத்தபடியாக உதவுபவை. மெலிந்த நோயாளியின் நிறை கூடுவது உயிர் காக்கும் அறிகுறி. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, உணவு உதவி கொடுத்தபோது நோயாளியின் வீட்டாருக்குப் புதிதாக நோய் வருவதும் குறைந்ததைக் காட்டியது.

பெண்கள் கேட்கத் தயங்கும் சில

சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறதே, இரத்தமா? இல்லை. றிபாம்பிசின் என்னும் மருந்தின் நிறம் அது. கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறலாம். பயப்படத் தேவையில்லை.

கர்ப்பத் தடைக் குளிசை எடுப்பவர்கள் என்ன செய்வது? றிபாம்பிசின் அந்தக் குளிசையின் வேலையைக் குறைத்துவிடும். சிகிச்சைக் காலத்துக்கு வேறு முறை ஒன்றைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கையில் வைக்கும் கர்ப்பத் தடைக் குச்சி உள்ளவர்களும் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணி இம்மருந்துகளை எடுக்கலாமா? வழமையாகக் கொடுக்கப்படும் நான்கு மருந்துகளையும் வைத்தியர் ஆலோசனையுடன் எடுக்கலாம். எடுக்காமல் விடுவதே தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

வீட்டில் பாத்திரத்தைப் பிரித்து வைக்க வேண்டுமா? வேண்டாம். காசநோய் காற்றால் பரவுவது. கோப்பையாலோ தட்டாலோ அல்ல. கழுத்துக் கட்டி மட்டும் உள்ளவர் மற்றவர்களுக்குத் தொற்றைக் கொடுப்பதில்லை. நுரையீரலில் நோயுள்ளவரிடமிருந்தும் சரியான மருந்து தொடங்கிச் சில கிழமைகளில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனாலும் வீட்டிலுள்ள எல்லோரையும், குறிப்பாக ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை, பரிசோதிப்பது அவசியம்.

எமது ஊர்களில் இந்நோயின் பாரத்தில் பாதி உடம்பில் இருக்கிறது. மீதி ஊர்வாயில் இருக்கிறது. கழுத்தில் கட்டி பெருத்தால் மறைக்க முடியாது. கலியாணம் பேசும் வயதுப் பெண்ணென்றால் தாயின் மனம் படும் பாடு சொல்லத் தேவையில்லை. அதனாலேயே சிலர் மன்னார் நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். வீக்கம் வற்றிவிடும், நோய் முழுதாக மாறிவிடும் என்ற செய்தியை அந்த வீட்டுக்கு முதலில் கொண்டு போகிறவர் நல்லதொரு அயலவர்.

இடையில் விட்டால்

ஆறு மாதச் சிகிச்சையில் முதல் இரண்டு மாதமும் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதமும் இரண்டு மருந்துகள். நோயின் இடத்தைப் பொறுத்துக் காலம் கூடலாம். எமது நாட்டில் இவை முற்றிலும் இலவசம். நான்கு மருந்தும் சேர்ந்து அடிக்கும்போதுதான் கிருமி தப்பாது. விட்டு விட்டு எடுத்தால் எஞ்சிய கிருமிகள் மருந்தைப் பழகிக்கொள்ளும். பிறகு அந்த மருந்துக்கு அவை சாகா. அப்போது வேறு, கடுமையான மருந்துகள் தேவைப்படும். அத்தகைய கிருமி வீட்டிலுள்ள பிள்ளைக்குப் பரவினால் அந்தப் பிள்ளைக்கும் சாதாரண மருந்து வேலை செய்யாது.

தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரம் சுமார் 30 கிலோமீற்றர். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று கஷ்டங்கள் பல. இவற்றைச் சொல்லாமல் மறைத்துச் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். அண்மையிலுள்ள வைத்தியசாலையில் குளிசையை எடுக்க ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேளுங்கள். தொழிலுக்காக வேறு கரைக்கு வாடி மாறிப் போகும் குடும்பங்கள் போகுமுன் நிலையத்தில் அறிவித்துக் கடிதம் பெற்றுக்கொண்டு போனால், அந்த மாவட்டத்து மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் தொடரலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நிலையம் உண்டு.

பின்வருவன தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்: மூச்சுத் திணறல், கடும் தலையிடியுடன் வாந்தி, வலிப்பு, மயக்கம், கண் மஞ்சளாதல், பார்வை மங்குதல் அல்லது நிறம் பிரித்தறிய முடியாமை. கண் மஞ்சளானால் ஈரலும், பார்வை மங்கினால் கண் நரம்பும் மருந்தால் பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்த வேளையில் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அங்கே வைத்தியர் தீர்மானிப்பார்.

இனி அந்தப் பேசாலைத் தாயிடம் திரும்புவோம். நான்காம் நாள் காலையில் அவருடைய வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஒருவர் வர வேண்டும். குடும்பநல உத்தியோகத்தராக இருக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருக்கலாம். இந்தப் பக்கத்தை வாசித்த அயல்வீட்டு மச்சாளாகவும் இருக்கலாம்.

"மச்சாள், கட்டி பெருத்தது வருத்தம் கூடினதாலதான் எண்டில்லையாம். கிருமி சாகிறதாலயும் அப்பிடி வருமாம். ஆனா டொக்டர் பார்த்துத்தான் சொல்ல வேணுமாம். அலுமாரியைத் திறவுங்கோ. இண்டையான் குளிசையைக் குடியுங்கோ. நான் பிள்ளைகளைப் பார்க்கிறன், நீங்கள் பத்து மணி பஸ்ஸுக்கு மன்னாருக்குப் போயிட்டு வாங்கோ. மூண்டு நாள் விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கோ."

இவ்வளவுதான் தேவை. பெரிய படிப்பு வேண்டாம். உங்கள் வீதியில் ஒருவர் காசநோய்க்குக் குளிசை எடுக்கிறாரென்றால், இரண்டாம் மாதமளவில் ஒருமுறை அவரைப் போய்ப் பாருங்கள். எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். கழுத்தைப் பார்க்குமுன் குளிசைப் பெட்டியைப் பாருங்கள்.